அத்தியாயம் 7: ஒரே மடலில் வேலை முடியட்டும்

சென்னையிலிருந்து கடலடியில் வந்த கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று அந்தமானில் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளம், சுமார் 1,224 கோடி ரூபாய் செலவு. அதுவரை தீவுகள் முழுக்கச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. அந்தக் காலத்தில் பாம்பூஃப்ளாட்டிலோ விம்பர்லிகஞ்சிலோ உட்கார்ந்து ஆன்லைன் விண்ணப்பம் போட்டவர்களுக்கு, பக்கம் திறக்கும் வரை காத்திருப்பது என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

கேபிள் வந்தபின் மடல் நொடியில் போகிறது. ஆனால் வேலை முடிய இன்னமும் நாலைந்து நாள் ஆகிறது. காரணம் எளிது. மடல் போய்ச் சேரும் நேரத்தைத்தான் கேபிள் குறைத்தது. படித்தவர் “எத்தனை வேணும்? எந்த சைஸ்? எப்போதைக்கு?” என்று திருப்பிக் கேட்பதையும், அதை நீங்கள் மறுநாள் பார்ப்பதையும், பாதிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுவதையும் எந்தக் கேபிளாலும் குறைக்க முடியாது.

ஆகவே இந்த அத்தியாயத்துக்கு ஒரே விதிதான். அடுத்த கப்பல் வரும்வரை பதில் எழுத வாய்ப்பில்லை என்று எண்ணிக்கொண்டு மடல் எழுதுங்கள். சென்னைக்கும் நமக்கும் நடுவே கப்பல் ஓடுவதற்கே மூன்று நாள் ஆகும். அது எப்போது கிளம்பும் என்பது தனிக் கதை. அந்தக் காலத்தில் கப்பல் தபாலை நம்பி எழுதியவர்கள் ஊர்ச் செய்தி, பணம் அனுப்பிய விவரம், வேண்டிய சாமான், வரவேண்டிய நாள் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கினார்கள். செல்லுலார் சிறையில் அரசியல் கைதிகளுக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம்தான் அனுமதி. அவ்வளவு கட்டாயம் நமக்கு இல்லை. ஆனால் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்ற அந்தக் கவனத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு ஆர்டர், இரண்டு மடல்கள்

பாம்பூஃப்ளாட் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சரக்கு சென்னைப் பாரிமுனையிலிருந்து கண்டெய்னரில் ஏறி, ஹாடோ துறையில் இறங்கி, சாத்தம் வந்து, வண்டியோடு போட்டில் ஏறி இக்கரைக்கு வர வேண்டும். கடைக்காரர் மொத்த வியாபாரிக்கு இப்படி எழுதுகிறார்:

“அண்ணாச்சி, வணக்கம். பைப் தீந்து போச்சு. போன தடவை மாதிரியே அனுப்பி விடுங்க. சீக்கிரம் வேணும். ரேட் சொல்லுங்க.”

பேச்சாக இருந்தால் இதில் ஒரு குறையும் இல்லை. போனில் அண்ணாச்சி அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்வார். மடலாகப் பார்த்தால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கேள்வியைக் கிளப்புகிறது. போன தடவை என்றால் எந்தத் தடவை? கடைசியாக அனுப்பியது பைப்பா, பெயிண்டா? சீக்கிரம் என்றால் இந்த வாரக் கப்பலா, மாதக் கடைசியா? ரேட் என்பது கோடவுன் விலையா, ஹாடோ வரை சேர்த்தா, ஜி.எஸ்.டி. உள்ளா வெளியா? அண்ணாச்சிக்கு அன்று ஐம்பது மடல். கேள்வி கேட்க வேண்டிய மடலை அவர் அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்குவார். அதற்குள் கண்டெய்னர் மூடிவிடும்.

அதே ஆர்டரை இப்படியும் எழுதலாம்:

பொருள்: பி.வி.சி. பைப் ஆர்டர், பாம்பூஃப்ளாட் – 14ஆம் தேதிக்குள் விலை தேவை

அண்ணாச்சி, வணக்கம்.

கீழே உள்ள சரக்குக்கு 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் விலை அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு அங்குல பைப், 20 அடி நீளம் – 60
முக்கால் அங்குல பைப், 20 அடி நீளம் – 40
ஒரு அங்குல எல்போ – 100

சென்னையில் பார்சல் ஆபீசில் ஒப்படைப்பது வரைக்கும், ஜி.எஸ்.டி. சேர்த்து விலை சொல்லுங்கள். கப்பல் கூலியை நான் பார்த்துக்கொள்கிறேன். மார்ச் மாதம் நீங்கள் அனுப்பிய அதே கம்பெனி வேண்டும். அந்த பில்லை இணைத்திருக்கிறேன். அந்தக் கம்பெனி பைப் கைவசம் இல்லையென்றால் எல்போவை மட்டும் அனுப்பிவிடுங்கள். பைப்பை அடுத்த லோடில் வாங்கிக்கொள்கிறேன். விலை வந்த அன்றே பாதிப் பணம், பார்சல் ரசீது நகல் வந்ததும் மீதி.

அடியில் கடைப் பெயர், போன் எண், ஜி.எஸ்.டி. எண்.

மடல் நீண்டுவிட்டதே என்று தோன்றலாம். மடல் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. அது பாதி உண்மை. குறைய வேண்டியது மடல்களின் எண்ணிக்கை. மூன்று வரியில் ஆறு மடல் பரிமாறுவதைவிடப் பதினைந்து வரியில் ஒன்று எழுதுவது இரண்டு பேருக்கும் லாபம். அந்தப் பதினைந்து வரியில் நலம் விசாரிப்பு நாலு வரி, மன்னிப்பு இரண்டு வரி, “தங்கள் மேலான கவனத்திற்கு” ஒரு வரி என்று போனால்தான் நீளம் தப்பு.

இரண்டாம் மடலில் கவனிக்க வேண்டிய இடம், “அந்தக் கம்பெனி பைப் கைவசம் இல்லையென்றால்” என்று தொடங்கும் வாக்கியம். அனுபவத்தில் மிக அதிக நாளை மிச்சப்படுத்துவது இதுதான். மிகக் குறைவாக எழுதப்படுவதும் இதுதான். எதிராளி சிக்கிக்கொள்ளக்கூடிய இடத்தை முன்கூட்டியே யோசித்து, அங்கே என்ன செய்யலாம் என்று அனுமதி கொடுத்துவிடுகிறீர்கள். அவர் உங்களிடம் திரும்ப வரவேண்டியதில்லை. டிக்கெட் எடுக்கச் சொன்னால், ஸ்வராஜ் த்வீப் போகும் காலை போட்டில் இடமில்லையென்றால் மதிய போட்டா, மறுநாளா என்பதையும் சொல்லுங்கள். அறை கேட்டு எழுதினால், கீழ்த்தளம் கிடைக்காவிட்டால் மாடி சரிப்படுமா, வீட்டில் முழங்கால் வலிக்காரர் இருப்பதால் சரிப்படாதா என்பதையும் அதே மடலில் எழுதுங்கள்.

இன்னொன்று தேதி. “நாளைக்கு”, “வர்ற வாரம்”, “மாசக் கடைசி” ஆகியவை மடலில் உதவாத சொற்கள். இன்று இரவு நீங்கள் எழுதிய “நாளை”யை அவர் நாளை மறுநாள் படிக்கக்கூடும். தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டில் ஒன்று தவறிப்போனாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

பொருளும் பார்வையும்

தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே ந.க. எண். அடுத்து “பொருள்” என்று ஒரு பத்தி: துறை, ஊர், விஷயம், கேட்பது என்ன என்று சிறு கோடுகளால் பிரித்து எழுதியிருக்கும். அதற்குக் கீழே “பார்வை”: இதற்கு முன் யார், எந்தத் தேதியில், எந்த எண்ணில் எழுதினார்கள் என்ற விவரம். அதன் நடை வறட்டு நடைதான், கிண்டல் செய்யலாம். ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே ஒரு கடிதத்தைத் தேடி எடுக்க இதைவிட நல்ல ஏற்பாடு மின்னஞ்சல் காலத்திலும் வரவில்லை.

மின்னஞ்சலின் பொருள் வரியில் “வணக்கம்”, “அவசரம்”, “முக்கியம்” என்று எழுதுவது கோப்பின் மேலட்டையில் “கோப்பு” என்று எழுதுவதற்குச் சமம். யார், எது, எப்போதைக்குள் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்கட்டும். “மதிப்பெண் பட்டியலில் பெயர்த் திருத்தம் – பதிவு எண்ணுடன் – ஜூன் 20க்குள் கல்லூரியில் சேர வேண்டும்” என்று புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மாணவி எழுதினால், மடலைத் திறக்காமலே எந்த மேசைக்குப் போகவேண்டியது என்று தெரிந்துவிடும். கைபேசியில் பொருள் வரியின் முதல் ஐந்தாறு சொற்கள்தான் கண்ணில் படும்; எனவே முக்கியமானது முன்னால் வரட்டும்.

“பார்வை”யை மடலின் முதல் வாக்கியமாக வைத்துக்கொள்ளலாம்: “மே 3ஆம் தேதி அனுப்பிய மடலின் தொடர்ச்சி இது.” நினைவூட்டும்போது பழைய மடலுக்கே பதில் எழுதுங்கள், முழுத் தொடரும் கூடவே போகும். விஷயம் மாறினால் புது மடல் தொடங்குங்கள். போன வருட டெண்டர் மடலுக்குப் பதில் அழுத்தி அதில் மகள் கல்யாணத்துக்கு அழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்த மடலை அவர்களாலேயே கண்டுபிடிக்க முடிவதில்லை.

ஒரு மடலில் ஒரு வேலை என்பதும் இதையொட்டியதுதான். இரண்டு வேலை கேட்டால் சுலபமானதற்குப் பதில் வரும். கடினமானது கிணற்றில் போட்ட கல்.

அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது அதிகாரியின் சொந்த முகவரியை விடப் பதவிக்கு உள்ள முகவரியே மேல். தீவுகளின் மேலதிகாரிகள் பலர் மெயின்லேண்டிலிருந்து மாற்றலில் வந்து, மாற்றலில் போகிறவர்கள். ஆள் போனாலும் பதவி முகவரிக்கு வந்த மடல் அடுத்தவர் கண்ணில் படும். தகவலுக்காக மட்டும் அனுப்ப வேண்டியவரை நகல் பெறுபவர் இடத்தில் போடுங்கள். வேலை செய்ய வேண்டியவர் ஒருவர் மட்டும் பெறுநர் இடத்தில் இருக்கட்டும். மூன்று பேரைப் பெறுநராகப் போட்டால் ஒவ்வொருவரும் மற்ற இருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். சங்கம், பள்ளி, கோயில் கமிட்டி என்று பலருக்கும் சேர்த்து அனுப்பும்போது எல்லா முகவரிகளையும் மறைநகலில் வையுங்கள். யாரோ ஒருவர் “சரி” என்று எழுதுவது நூறு பேருக்குப் போகாது.

இரண்டு பெயர் உள்ள ஊர்கள்

தீவுவாசிகளுக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லை இது. 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது. 2021இல் நம் தலைக்கு மேலே நிற்கும் மவுண்ட் ஹாரியட், மவுண்ட் மணிப்பூர் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜய புரம் ஆனது. பேச்சில் பழைய பெயர், படிவத்தில் புதுப் பெயர், மெயின்லேண்ட் கடைக்காரரின் கணினியில் இரண்டில் எது இருக்குமோ! போதாக்குறைக்கு, பாம்பூஃப்ளாட்டையே ஆங்கிலத்தில் சிலர் ஒரே சொல்லாகவும் சிலர் இரண்டாகப் பிரித்தும் எழுதுகிறார்கள்.

இதனால் வரும் நஷ்டம் இரண்டு. முதலாவது முகவரி. மடலின் அடியில் நிரந்தரமாக வைக்கும் கையொப்பத்தில் புதுப் பெயரையும் பழைய பெயரையும் சேர்த்து எழுதி, அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தவறாமல் போடுங்கள். ஊர்ப் பெயர் மாறினாலும் ஆறு இலக்கம் மாறவில்லை. இரண்டாவது தேடல். பழைய ரசீதைத் தேடுகிறவர் ஹேவ்லாக் என்று தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. ஸ்வராஜ் என்றும் தேட வேண்டும். அதைவிட நல்ல வழி, ஊர்ப் பெயரால் தேடாமல் அனுப்பியவர் பெயராலும் தேதியாலும் தேடுவது. ஜிமெயிலின் தேடல் பெட்டி ஓரத்தில் உள்ள குறியைத் தொட்டால் யாரிடமிருந்து, எந்த நாளை ஒட்டி, இணைப்பு உள்ளதா என்று தனித்தனியே கேட்கும். “இணைப்பு உள்ளவை” என்பதை மட்டும் தேர்ந்தாலே பாதிக் குப்பை விலகிவிடும். இதைப் பழகிவிட்டால் ஊருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று நாற்பது பெட்டி பிரித்து அடுக்கும் வேலையே தேவையில்லை.

இணைப்புகள்

ஜி.பி. பந்த் மருத்துவமனையில் பார்த்துவிட்டு மேல்சிகிச்சைக்குச் சென்னைக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் ரிப்போர்ட்டுகளைக் கைபேசியில் படம் பிடித்து சென்னை மருத்துவமனைக்கு மடலில் அனுப்புகிறார். பன்னிரண்டு படம், ஒன்று தலைகீழ், ஒன்றில் கை நிழல், எல்லாவற்றுக்கும் கேமரா கொடுத்த எண்களே பெயர். மறுமுனையில் இருப்பவர் எது முதல் பக்கம் என்று தேட வேண்டும். கைபேசியிலேயே ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது. கூகுள் டிரைவில்கூட உண்டு. எல்லாப் பக்கத்தையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, நோயாளியின் பெயர், பரிசோதனையின் பெயர், தேதி என்று பெயரிடுங்கள். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. சில பழைய கணினிகளில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும்.

ஜிமெயிலில் ஒரு மடலோடு 25 எம்.பி. வரைதான் இணைக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். அனுப்பும்போது கோப்பு மின்னஞ்சலுக்கேற்ற வடிவத்துக்கு மாறுவதில் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. கையில் 18 எம்.பி.யைத் தாண்டினாலே சந்தேகம்தான். பெரிய ஸ்கேன் படங்களை டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியை அனுப்புங்கள். பார்க்கும் அனுமதி கொடுத்தீர்களா என்று ஒருமுறை சரிபாருங்கள். அனுமதி கேட்டு வரும் மடல் நள்ளிரவில்தான் வரும்.

இதோடு சேர்ந்த ஓர் அபாயம்: கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜி.பி. அதை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. கைபேசியில் எடுத்த கடற்கரை வீடியோக்கள் அந்த இடத்தை நிரப்பிவிட்டால் புது மடல் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வேலைக்கான நேர்முகத் தேர்வு அழைப்பு இப்படித் திரும்பிப் போனால் யாரையும் குறை சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை மீதி இடத்தைப் பாருங்கள்.

போட்டில் படிக்கலாம், பதில் எழுத வேண்டாம்

சாத்தத்துக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கும் நடுவே தினமும் போய்வருகிறவர்களுக்கு ஜெட்டியில் நிற்கும் நேரமும் போட்டில் போகும் நேரமும் கைபேசிக்கு உரியவை. அந்த நேரத்தில் மடல்களைக் களையெடுங்கள். விளம்பரங்களை அழியுங்கள், தேவையற்ற செய்தி மடல்களின் சந்தாவை அங்கேயே ரத்து செய்யுங்கள், பதில் தேவைப்படுவதற்கு நட்சத்திரம் போடுங்கள். பதிலை மட்டும் மேசைக்குப் போய் எழுதுங்கள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுதும் மடலில்தான் “சரி, பார்க்கிறேன்” என்ற வகைப் பதில்கள் பிறக்கின்றன. அது பதிலே அல்ல. தவிர, சிக்னல் போன இடத்தில் அழுத்திய மடல் அவுட்பாக்ஸிலேயே தங்கிவிடும். போய்விட்டது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

மெர்லின் மான் என்ற அமெரிக்கர் பரப்பிய “இன்பாக்ஸ் ஜீரோ” என்ற முறையைச் சிலர் வேதமாக எடுத்துக்கொண்டு, பெட்டியைக் காலியாக வைப்பதையே ஒரு உத்தியோகமாகச் செய்கிறார்கள். கடைக்காரருக்கும் மாணவருக்கும் அது வேண்டாத வேலை என்பது என் கருத்து. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை முறையாக உட்கார்ந்தால் போதும். மாலையில் கொஞ்சம் தாமதமாகவே உட்காருங்கள்: டிசம்பரில் நமக்கு ஐந்து மணி வாக்கில் இருட்டிவிடும், சென்னைக் கடைகளில் அப்போதுதான் வியாபாரம் சூடு பிடித்து மடல்கள் கிளம்பும்.

கோபமான மடலுக்கு மூன்று பாதுகாப்பு உண்டு. பெறுநர் முகவரியை எல்லாம் எழுதி முடித்தபின் கடைசியாகப் போடுங்கள். ஜிமெயில் அமைப்பில், அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 30 விநாடியாக மாற்றிவையுங்கள். மாற்றாவிட்டால் ஐந்தே விநாடிதான். மூன்றாவது, மறுநாள் காலை எட்டு மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

வாட்ஸ்அப் எதற்கு, மடல் எதற்கு

இங்கே பெரும்பாலான வியாபாரம் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. அதை மாற்றச் சொல்ல நான் வரவில்லை. வந்துவிட்டேன், கிளம்பிவிட்டேன், சரக்கு இறங்கிவிட்டது போன்றவற்றுக்கு அதுவே போதும். பணம், தேதி, பொறுப்பு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் மடல் எழுதுங்கள். போனில் பேசி முடித்தாலும் அன்றே நாலு வரி: “இன்று காலை நாம் பேசியபடி, சேதமான பத்து பைப்புக்கு அடுத்த பில்லில் கழித்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். மாறுதல் இருந்தால் 18ஆம் தேதிக்குள் எழுதுங்கள்.” சண்டை வருவதற்கு முன்பு எழுதிய மடலுக்குத்தான் மதிப்பு.

மொழி பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, அலுவலகத்துக்கு ஆங்கிலம் என்பது நம் வழக்கம். ஆங்கிலம் என்றதும் “ரெஸ்பெக்டட் சார்” தொடங்கி “கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்” வரை ஒரே அச்சில் வார்த்துவிடுகிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அதில் காணோம். முதலில் தமிழில் இரண்டு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள்: இது நடந்தது, இது வேண்டும். அந்த இரண்டையும் எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். மரியாதைக்கு ஒரு வணக்கமும் ஒரு நன்றியும் தாராளம்.

மோசடி மடல்களை அடுத்த அத்தியாயத்தில் விரிவாகப் பார்ப்போம். அதுவரை, கே.ஒய்.சி. காலாவதியாகிறது, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும் என்று அவசரப்படுத்தும் எந்த மடலிலும் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இப்போது ஒரு பயிற்சி. உங்கள் மின்னஞ்சலில் மிக நீண்டு போன ஒரு தொடரைத் திறந்து, எதிர்முனையிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அளவு, தேதி, விலை, மாற்று, பணம் என்று ஐந்தாறு சொற்கள் கிடைக்கும். அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த மடலை அதைப் பார்த்து எழுதுங்கள்.